பொட்டு வைத்த ஸ்கைலைன்

யுவனேஸ்வரன் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுப் பதினாறு பேர் இருந்தார்கள். எல்லோரும் மலாக்கா மாநிலத்துக்காரர்கள். அவர்களில் நூற்றுப் பதினைந்து பேர் கார் கட்டுவார்கள். மீதி ஒருவனான புவனேந்திரன் அவற்றில் குறை கண்டுபிடிப்பான்.

கார் என்றால் ஒரு சாண் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் கார். சுப்ரா, ஸ்கைலைன், ஆர்எக்ஸ்-7 என்று ஜப்பான்காரன் பந்தயத்துக்குச் செய்த கார்களை இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, பாகம் பாகமாக, கட்டும் முறை அச்சிட்ட குறிப்புத்தாளோடு பெட்டியில் அடைத்து விற்பார்கள். வாங்குகிறவன் வெட்டி, தேய்த்து, சாயம் அடித்து, ஒட்டிக் கட்ட வேண்டும். கட்டி முடித்தவர்கள் குழுவில் படம் போடுவார்கள். போட்டுவிட்டு நகம் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அரைமணி நேரத்தில் புவனேந்திரனின் தீர்ப்பு வரும். "இடது கதவுக்குக் கீழே சாயம் வழிந்திருக்கிறது. பின்சக்கரம் அரை மில்லிமீட்டர் வெளியே. பத்துக்கு ஆறு."

அவன் சொன்னால் சொன்னதுதான். கண் அப்படி. இருபத்திரண்டு வருஷமாகத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்கு அடியில் உட்கார்ந்து மற்றவர்கள் செய்ததில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். பதினெட்டு வயதுப் பையனிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் வரை குழுவில் எல்லோரும் அவனை சிஃபு என்றுதான் கூப்பிட்டார்கள். குருவுக்கு இந்த நாட்டில் தமிழனும் சீனனும் மலாய்க்காரனும் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர் அது.

சிஃபு கட்டிய கார் எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் பார்த்ததில்லை.

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். பதினேழு வயதில், ஜாசின் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் இருந்தபோது, புவனேந்திரன் ஒரு சுப்ரா வாங்கிக் கட்டினான். எல்லாம் ஒழுங்காக வந்தது. கடைசியில் முன் கண்ணாடியை ஒட்டும்போது விரலில் இருந்த பசை பட்டு, கட்டைவிரல் ரேகை கண்ணாடியில் அச்சாக விழுந்தது. பசை பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். துடைக்கத் துடைக்க ரேகை பளிச்சென்று தெரிந்தது. காரைத் தூக்கிக் குப்பையில் போட்டவன், அதற்குப் பிறகு முப்பது வருஷம் பெட்டிகளை வாங்கினானே ஒழிய ஒன்றையும் பிரிக்கவில்லை. ஜாசின் வீட்டின் பின்னறையில் அறுபத்தொரு பெட்டிகள் பிளாஸ்டிக் உறை கிழியாமல் அடுக்கியிருந்தன.

கட்டக் கூடாது என்று அவன் நினைக்கவில்லை. நல்ல நாளில் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே எட்டு வருஷமாக ஆயுத பூஜையன்று ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்துச் சாமி மேடையில் வைப்பான். சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, மைவி காருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு பெட்டிக்கும் சூடம் காட்டுவான். மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து வேலை தொடங்குகிற நாள். புவனேந்திரன் பெட்டியை எடுப்பான், காதருகே வைத்து மெல்லக் குலுக்குவான், உள்ளே பாகங்கள் கலகலவென்று பேசுவதைக் கேட்பான். பிறகு ராகுகாலம் என்பான், வானம் மூடியிருக்கிறது சாயம் காயாது என்பான், பெட்டியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவான்.

அவன் மனைவி நிர்மலாதேவி ஜாசின் பசாருக்கு எதிர் வரிசையில் நகக்கடை வைத்திருந்தாள். நகத்துக்குச் சாயம் பூசுவது, ஒட்டு நகம் பொருத்துவது, அதில் பூ, கோடு, வளைவு என்று சின்ன ஏர்பிரஷ்ஷால் வரைவது. ஒன்பது வருஷமாகக் கடை நடக்கிறது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் புவனேந்திரன் மைவியைக் கடை வாசலில் நிறுத்தி இரண்டு முறை ஹார்ன் அடிப்பான். உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. பொம்பளைங்க கடைக்குள்ளே தனக்கு என்ன வேலை என்பது அவன் கட்சி.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போது யுவனேஸ்வரனிடமிருந்து அழைப்பு வந்தது.

"சிஃபு, மலாக்கா டவுன்ல மால்ல ஷோ வைக்கிறோம். நீங்கதான் தலைமை நீதிபதி. ஒரே ஒரு ரிக்வெஸ்ட் லா. நீதிபதிங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு கார் கொண்டாந்து வைக்கணும்."

"வச்சிட்டாப் போச்சு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ரூல் தெரியும்ல? கார்கூட அதோட பெட்டியும் குறிப்புத்தாளும் வைக்கணும்."

தெரியாமல் என்ன? காசு கொடுத்து யாரிடமோ கட்டி வாங்கியதைத் தன்னுடையது என்று சிலர் கொண்டுவந்துவிடுகிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்று போன வருஷம் அந்த விதியைக் கொண்டுவந்ததே புவனேந்திரன்தான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் சேர்த்த பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்விடும். நிர்மலா விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு மீன் குழம்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நான் வேணும்னா கட்டித் தரவா?"

புவனேந்திரன் அன்று முதல் தடவையாகச் சிரித்தான். "நகத்துக்குச் சாயம் பூசற மாதிரி இல்ல லா இது. இது வேற வேல."

நிர்மலா மீன் குழம்புச் சட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவன் இன்னொரு துண்டு போட்டுக்கொள்ள நினைத்திருந்தான்.

மறுநாள் அவன் குழுவில் ஒரு ஆளைத் தேடிப் பிடித்தான். 'கிளேபாங் 24' என்ற பெயரில் வருஷத்துக்கு ஒரு கார் படம் போடுகிற ஆள். முகம் தெரியாது, பேச்சு கிடையாது. முதல் காருக்குப் புவனேந்திரன் பத்துக்கு நாலு போட்டிருந்தான். அடுத்த வருஷம் நாலரை. குறை சொன்னால் அந்த ஆள் சண்டைக்கு வருவதில்லை. அடுத்த காரில் அந்தக் குறை மட்டும் இருக்காது. கடைசியாக ஏழரை வரை வந்திருந்தான். யாரோ கிளேபாங் பக்கத்துச் சீனப் பையன், பொறுமைசாலி, ரகசியம் காப்பான் என்று புவனேந்திரன் கணக்குப் போட்டான். தனியாகச் செய்தி அனுப்பினான். கண்காட்சிக்கு ஒரு கார் வேண்டும், வெளியே தெரியக் கூடாது.

ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு வந்தது. "நீல ஸ்கைலைன் தயாராக இருக்கிறது. இன்னும் யாருக்கும் காட்டவில்லை. 600 வெள்ளி."

நீல ஸ்கைலைன்! போன வருஷம் பூஜையில் வைத்த பெட்டியே அந்தக் கார்தான். பெட்டி கையில், கார் கடையில். சாமியே வழி காட்டுகிறது என்று புவனேந்திரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பூஜை செய்த பலன் இப்படியும் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

கிளேபாங் கடற்கரைச் சாலையில் தேங்காய் ஷேக் விற்கும் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். கடைக்காரி திலகா என்று ஒரு தமிழ்ப் பெண். பணத்தை எண்ணாமல் வாங்கிப் போட்டுக்கொண்டு அட்டைப் பெட்டியை நீட்டினாள். அவளுடைய பத்து நகங்களும் ஆழ்ந்த நீலத்தில், நடுவில் ஒரு மெல்லிய வெள்ளிக் கோட்டோடு பளபளத்தன. அரை மில்லிமீட்டர் பிசகைத் தூரத்திலிருந்து பிடிக்கிற புவனேந்திரன் நகங்களைப் பார்க்கவில்லை. காருக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, அதே நீலத்தில் மினுங்கிய ஸ்கைலைனைத்தான் பார்த்தான்.

கால்மணி நேரம் குறை தேடினான். கைபேசி வெளிச்சத்தில் பானெட்டைச் சாய்த்துப் பார்த்தான், கண்ணாடி விளிம்பைப் பார்த்தான், கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய விளக்குக்குள் பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. பொறாமையாகவும் இருந்தது, கண் கலங்கவும் செய்தது. தான் கட்டியிருந்தால் இப்படித்தான் கட்டியிருப்போம் என்று நினைத்துத் தன்னைச் சமாதானம் செய்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து காரைச் சமையலறை மேசையில் வைத்தான். நிர்மலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாரு கட்டினது?"

"நான்தான். ஃபேக்டரி கூட்டாளி வூட்ல வச்சுக் கட்டினேன். உனக்கு சர்ப்ரைஸ்."

"நீங்களா?" நிர்மலா கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். "இந்தப் பளபளப்பு எப்பிடிங்க வந்துச்சு?"

புவனேந்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். நீலத்துக்கு மேலே நிறமில்லாத கிளியர் சாயம் மூன்று பூச்சு என்றான். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் ஒரு நாள் இடைவெளி வேண்டும், அவசரப்பட்டால் சுருங்கிவிடும் என்றான். சின்ன ஸ்டிக்கர்களைத் தண்ணீரில் ஊறவைத்து ஊசி முனையால் நகர்த்துவதை விரலால் நடித்துக்காட்டினான். அவள் கன்னத்தில் கை வைத்து முழுவதும் கேட்டாள்.

"கை வலிச்சிருக்குமே?"

"பழக்கம்தான்" என்றான்.

அவள் ஒரு மாதிரி புன்னகைத்துவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள். கணவனை நினைத்துப் பெருமைப்படுகிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

ஆயுத பூஜை நன்றாக நடந்தது. இந்த வருஷம் ஆர்எக்ஸ்-7 பெட்டிக்குப் பொட்டு வைத்தான். பக்கத்தில் நிர்மலா தன் ஏர்பிரஷ்ஷையும் அரங்களையும் கத்தரிக்கோலையும் வைத்தாள். மைசூர்பாகு நெய் சொட்டச் சொட்ட இருந்தது, நான்கு துண்டு தின்றான். விஜயதசமி காலையில், ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்குக் குறிப்புத்தாள் வேண்டுமே என்று, பின்னறையில் போன வருஷத்து ஸ்கைலைன் பெட்டியை எடுத்தான். பொட்டு அப்படியே இருந்தது. பழக்கதோஷத்தில் ஒருமுறை குலுக்கினான், கலகலத்தது. முப்பது வருஷத்தில் முதல்முறையாகக் கத்தியை உறையில் வைத்தான். கிழித்தான்.

உள்ளே கார் இல்லை. ஒட்டு நகங்கள் இருந்தன. பழையவை, உடைந்தவை, அளவு சேராதவை, நூற்றுக்கணக்கில். சற்றுமுன் அவன் காதில் கலகலத்தவை இவைதான். பெட்டியைத் திருப்பினான்; உறையின் அடிப்பக்கம் நேர்கோட்டில் வெட்டித் திரும்ப ஒட்டியிருந்தது.

நகங்களுக்கு அடியில் குறிப்புத்தாள் மடித்து வைத்திருந்தது. ஒவ்வொரு படிக்கும் பென்சிலால் சரி போட்டிருந்தது. ஓரத்தில் தமிழில் பொடி எழுத்து. 'கிளியர் பூசி ஒரு நாள் விட வேண்டும் (அவர் சொன்னது).' 'சக்கரம் வெளியே தள்ளக் கூடாது, போன தடவை திட்டு வாங்கியது.' 'கண்ணாடி கடைசியில். கையுறை.' பசாரில் வாங்க வேண்டியதை எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுகிற அதே கையெழுத்து.

புவனேந்திரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். விபூதித் தட்டோடு வந்த நிர்மலா வாசலிலேயே நின்றாள்.

"தொறந்துட்டிங்களா?"

"நீயா?"

"பூசையில வச்ச சாமான மறுநாள் எடுத்து வேல செய்யலனா வூட்டுக்கு ஆகாதுங்க. எங்கம்மா கத்தரிக்கோல வச்சா, விடிஞ்சதும் ஒரு கந்தத் துணியாச்சும் வெட்டுவாங்க. நீங்க வருஷா வருஷம் வைக்கிறிங்க, அப்பிடியே தூக்கி அடுக்கிடறிங்க. யாராச்சும் எடுத்துச் செய்யணும்ல?"

"எட்டு வருஷமாவா?"

"எட்டுப் பெட்டி. பொட்டு வைக்காதத நான் தொடல."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கத்தினான்.

"மொத கார் கட்டிச் சொல்லத்தான் வந்தேன். நம்ம கடைக்கு நகம் வைக்க வர்ற கிளேபாங் திலகா நம்பர்ல போட்ட ஃபோட்டோவ நீங்க எங்கிட்டயே காட்டி, 'எவனோ கை வெளங்காதவன் கட்டியிருக்கான் பாரு'ன்னு சிரிச்சிங்க. அப்பறம் எங்கருந்து சொல்றது?"

அவனுக்கு அது ஞாபகம் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஞாபகம் இல்லாதது மாதிரி இருந்து பார்த்தான்.

"அந்த அறுநூறு வெள்ளி?"

"மைசூர்பாகு நல்லாருக்குன்னிங்களே."

"மத்த கார்லாம்?"

"எல்லாம் கடையிலதான் இருக்கு. மறைச்சா வச்சிருக்கேன்? ஒரு நாளாச்சும் ஹார்ன் அடிக்காம உள்ள வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்." தட்டை நீட்டினாள். "விபூதி வச்சுக்குங்க. ஞாயித்துக்கெழம உங்க பேர்லயே வைங்க. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

அவள் சண்டை போட்டிருந்தால் அவனும் பதிலுக்குப் போட்டிருப்பான். இப்படி விட்டுக்கொடுத்துவிட்டுப் போனதுதான் அவனை வதைத்தது. நாள் முழுக்க வெட்கம் தின்றது. கிளியர் மூன்று பூச்சு என்று அவளுக்கே பாடம் நடத்திய நாற்காலியில் உட்காரக்கூட முடியவில்லை.

சாயங்காலம் மைவியைக் கடை வாசலில் நிறுத்தினான். ஹார்ன் அடிக்கவில்லை, இறங்கினான். கதவைத் தள்ளியதும் நகச்சாய வாடை அடித்தது. பதினேழு வயதுக்குப் பிறகு அவன் முகராத கார்ச்சாயத்தின் வாடைதான் அது. சாயப் புட்டிகளுக்கு மேலே கண்ணாடித் தட்டில் ஏழு கார்கள் வரிசையாக நின்றன. எட்டாவதற்கு இடம் காலியாக இருந்தது. நாலு மதிப்பெண் வாங்கிய முதல் காரின் இடது கதவில் சாயம் வழிந்திருந்தது. இரண்டாவதில் வழியவில்லை. அவன் சொன்ன குறைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதை வரிசையாக நடந்து பார்த்தான்.

விரல்களை விளக்குப் பெட்டிக்குள் நீட்டி உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நிர்மலா, இவருதான் ஹார்ன் அடிக்கிறவரா?"

ஞாயிற்றுக்கிழமை மாலில் நல்ல கூட்டம். நீதிபதிகளின் மேசையில் நீல ஸ்கைலைனைச் சுற்றி ஆள் மேல் ஆள் நின்றார்கள். பக்கத்தில் பொட்டு வைத்த பெட்டி, குறிப்புத்தாள். பெயரட்டையில் புவனேந்திரன் தன் கையாலேயே எழுதியிருந்தான்: 'கட்டியவர்: நிர்மலாதேவி.'

"சிஃபு, என்னா இது, அக்கா பேரு?" என்றான் யுவனேஸ்வரன்.

"அவதான் கட்டினா. நான் ஒரு காரும் கட்டி முடிச்சதில்ல. ஒண்ணுகூட இல்ல."

சொல்லிவிட்டான். இத்தனை வருஷப் பேரை அந்த இடத்திலேயே கீழே போட்டுவிட்டான்.

கூட்டம் சிரித்தது. "பாத்திங்களா சிஃபுவோட பணிவ?" என்றான் ஒருவன். "பொண்டாட்டி பேர்ல வச்சிருக்காரு, ஸோ ஸ்வீட் லா" என்றாள் ஒரு பெண். இரண்டு பேர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வாழ்நாளில் கிடைக்காத மரியாதை உண்மையைச் சொன்ன அரை நிமிஷத்தில் கிடைத்தது. ஓரமாகக் கைப்பையோடு நின்ற நிர்மலா புன்னகைத்தாள். அன்று கீரை ஆயும்போது புன்னகைத்தாளே, அதே புன்னகை. இப்போது அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரிந்தது.

மேடையோரம் செய்முறை காட்டுகிற மேசை இருந்தது. பாதி கட்டிய வெள்ளைச் சுப்ரா ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டவென்று வைத்திருந்தார்கள். புவனேந்திரன் நேராகப் போய் அங்கே உட்கார்ந்தான். சிஃபு செய்து காட்டப் போகிறார் என்று கூட்டம் ஓடி வந்தது, கைபேசிகள் உயர்ந்தன. முன் கண்ணாடியை எடுத்தான். பசை தொட்டான். பசை கட்டைவிரலிலும் பட்டது. பொருத்தி அழுத்திவிட்டுக் கையை எடுத்தான்.

கண்ணாடி நடுவில் கட்டைவிரல் ரேகை விழுந்திருந்தது. பூதக்கண்ணாடி இல்லாமலே கடைசி வரிசைக்காரனுக்கும் தெரிந்தது.

"வேணும்னே பண்றாரு" என்று ஒரு குரல் கேட்டது. புவனேந்திரன் பக்கக் கண்ணாடியை எடுத்தான். அதிலும் ரேகை விழுந்தது. பின் கண்ணாடியில் இரண்டு ரேகை. கூட்டத்தின் சிரிப்பு குறைந்து குறைந்து நின்றுபோனது. உயர்ந்த கைபேசிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அவன் எழுந்து நாற்காலியைப் பின்னால் இழுத்தான். "நிர்மலா, வா."

அவள் வந்து உட்கார்ந்தாள். பசை இறுகுமுன் முன் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கைப்பையிலிருந்து நகத்துக்கு மெருகேற்றும் பஞ்சுக்கட்டை ஒன்றை எடுத்தாள். பசாரில் மூன்று வெள்ளிக்கு விற்கிற சாமான். அதை ரேகை மேல் வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். கட்டையைத் திருப்பி அடுத்த பக்கத்தால் தேய்த்தாள், மறுபடி திருப்பினாள். கண்ணாடி முதலில் புகைபோல மங்கியது. பிறகு மெல்லத் தெளிந்தது. இரண்டு நிமிஷத்தில் ரேகை இருந்த சுவடே இல்லை.

புவனேந்திரன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றான். முப்பது வருஷம், அறுபத்தொரு பெட்டி.

கூட்டம் மேசையை நெருக்கிக்கொண்டு வந்தது. "அக்கா, இன்னொரு தடவ காட்டுங்க" என்றான் யுவனேஸ்வரன். யாரோ ஒரு பையன் பின்னாலிருந்து புவனேந்திரனின் தோளைத் தொட்டான்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க லா. அக்கா செய்யறது தெரியல."

புவனேந்திரன் தள்ளி நின்றான்.